அந்தரத்தில் விட்ட கம்பி

மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒருவழியாக டிரைவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவரிடம் மிச்சம் இருந்தவை திறந்த கண்ணும், வலதுகை ஆள்காட்டி விரலில் எப்போதாவது வந்துபோகும் ஒரு துடிப்பும்தான். எத்தனை பெரிய லாரியானாலும் குறுகிய சந்துக்குள் பின்பக்கமாகவே கொண்டுவந்து, சுவரில் ஒரு கீறல் விழாமல் நிறுத்துகிற மனுஷன். இப்போது வாயோரம் வழிவதைத் துடைக்க ஆள் வேண்டியிருந்தது.

"நாங்க பேசறது அவருக்குப் புரியுதா டாக்டர்?" என்று அவர் மனைவி கேட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்தே அவரைப் பார்த்துவரும் டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "எனக்குத் தெரிஞ்சவரைக்கும் புரியலைம்மா. அந்த விரல் துடிக்கறது தானா வர்றது. ரொம்ப நம்பிக்கை வெச்சுக்காதீங்க" என்றார்.

நம்பிக்கை வைக்காதே என்று சொல்வது சுலபம். பக்கத்தில் படுத்திருப்பவர் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, உள்ளே ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் எப்படிச் சோறு இறங்கும்? அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு பதில்தான். எழுந்து நடக்க வேண்டாம், வண்டி ஓட்ட வேண்டாம், "இருக்கேன்" என்று ஒரு தடவை சொன்னால் போதும்.

கேட்கிற வழி அவளுக்குத் தெரியும். அவள் வேலை பார்க்கிற ரிப்பேர் கடையில் அவளுக்குப் பெயரே போர்டுக்காரி. வாஷிங் மெஷினோ இன்வெர்ட்டரோ லிஃப்ட்டோ, எது செத்துப்போய் வந்தாலும் அதன் வயிற்றிலிருக்கும் பச்சைப் போர்டைக் கழற்றி அவள் மேஜையில்தான் வைப்பார்கள். ஒரு பழைய கம்ப்யூட்டர் மவுஸைப் பிரித்து, அதற்குள் இருந்த குட்டி சுவிட்சை எடுத்துக்கொண்டாள். லேசாக அழுத்தினாலே ஒப்புக்கொள்ளும் சுவிட்ச் அது. டிரைவரின் விரலடியில் அதை வைத்து, அங்கிருந்து அலமாரி மேலிருக்கும் போர்டுக்கு நீளமாக ஒரு வயர். விரல் அழுத்தினால் மூன்று வோல்ட் ஓடிப்போய்ப் போர்டின் ஒரு பின்னில், ஊசிபோல நீட்டியிருக்கும் காலில், தட்டும். எறும்பு கடித்த அளவுக்குக்கூட உறைக்காத கரண்ட். அந்தத் தட்டலைக் கேட்டதும் போர்டு இன்னொரு பின் வழியாக ரிலே என்கிற காந்த சுவிட்சை இழுக்கும். ரிலே டக்கென்று விழுந்தால், சுவரிலிருந்து வருகிற கரண்ட், ஆளைத் தூக்கி அடிக்கிற கரண்ட், கட்டிலோரத்து விளக்குக்குப் போய்ச் சேரும். விளக்கு கொஞ்ச நேரம் எரிந்து தானாக அணையும். எரிந்தால் ஆமாம், எரியாவிட்டால் இல்லை. பிறகு அதே மாதிரி ஃபேனுக்கும் ஒன்று செய்து, வேண்டும்போது அவர் தன் விரலாலேயே காற்று வாங்கிக்கொள்ளட்டும் என்பது அவள் கணக்கு.

கடையில் வைத்துச் சோதித்தபோது எல்லாம் ஒழுங்காக நடந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு விடுமுறை நாள் காலையில், கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து ஈயத்தை உருக்கி நிரந்தரமாகச் சால்டர் வைத்தாள். இன்னும் ஒரே ஒரு ரெசிஸ்டர் வைக்க வேண்டியிருந்தது. அரிசிமணி அளவு சாமான். பையின் அடியில் எங்கோ போய் ஒளிந்துகொண்டது. வயர் சரியாகப் போகிறதா என்று முதலில் பார்த்துவிடலாம், அதை அப்புறம் தேடிக்கொள்ளலாம் என்று கரண்ட்டைக் கொடுத்தாள். சுவிட்சை அவர் விரலடியில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, கையை எடுக்காமலேயே அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"ஏங்க, நான் பேசறது கேக்குதா?"

டக். விளக்கு எரிந்தது.

அவள் போட்ட சத்தத்தில் முன்னறையில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த நாத்தனார், தைத்துக்கொண்டிருந்த துணியோடு ஓடிவந்தாள். டிரைவரின் அக்கா அவள். அம்மா போனபிறகு தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். தெருவில் பாதிப் பேருக்கு அவள் தைத்த சட்டை, மீதிப் பேருக்கு அவள் வாயால் வாங்கிய வசவு. அவளும் தம்பி கையைப் பிடித்துக்கொண்டு, "டேய், நான் யாருன்னு தெரியுதாடா?" என்று கேட்டாள். டக். அவ்வளவுதான், இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் அடுத்த வீட்டுக்காரர்கள் ஆள் போய்விட்டதென்றே நினைத்துவிட்டார்கள்.

ரெசிஸ்டர் அவளுக்கு நினைவில்லாமல் போகவில்லை. மறந்துவிட்டாள் என்று சொன்னால் அது பொய். நினைவு வந்தது. ஆனால் அதை வைக்கக் கரண்ட்டை நிறுத்த வேண்டும், வயரைக் கழற்ற வேண்டும். இப்போதுதான் எட்டிப் பார்த்த மனுஷன் மறுபடியும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால்? எரிகிற விளக்கில் கை வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. அலமாரி மேல் போர்டு இருந்த பெட்டியை மூடி, நான்கு மூலையிலும் திருகாணியை முடுக்கினாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு திரும்பியது. வேலை விட்டு வந்ததும் அவள் கட்டிலோரம் உட்கார்ந்து, அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அன்றைய கதையெல்லாம் சொல்வாள். முதலாளி ஒரு போர்டில் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்துப் புகை கிளப்பிய கதையைச் சொன்னால் டக்கென்று விளக்கு எரியும். "சிரிக்கறீங்களா?" என்றால் மறுபடியும் எரியும். சில சமயம் யாரும் கேட்காமலேயே எரியும். "கூப்பிடறான், போய்ப் பாரு" என்று முன்னறையிலிருந்து நாத்தனார் குரல் கொடுப்பாள்.

ஒருநாள் நாத்தனார் வாசற்படியில் நின்றபடியே, "ஏண்டா, இன்னிக்கு உன் பொண்டாட்டி சமையல் நல்லாருக்குன்னு சொல்றேன், சரியா?" என்று கேட்டாள். விளக்கு எரியவில்லை. "பாத்தியா? குழாய் வழியாச் சாப்பிட்டாலும் அவனுக்கு ருசி தெரியுது. என் தம்பிக்குப் பொய் சொல்ல வராதும்மா" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். போர்டுக்காரிக்கும் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டில் அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று!

டாக்டரம்மா ஒருமுறை வந்து பார்த்தார். கட்டிலின் கால்மாட்டில், கையைக் கட்டிக்கொண்டு நின்று, நிதானமாகக் கேட்டார். நாலைந்து கேள்வி. விளக்கு மூச்சு விடவில்லை. "உங்ககிட்ட பேச மாட்டான் டாக்டர். வெள்ளைக் கோட்டு போட்டவங்களைக் கண்டாலே சின்ன வயசுலேருந்து அவனுக்கு ஆகாது. நாங்க கேக்கறோம் பாருங்க" என்று நாத்தனார் போய்த் தம்பி கையைப் பிடித்தாள். டக். டாக்டரம்மா விளக்கையும் பார்த்தார், அவர்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். "சரி, உங்களுக்கு ஆறுதலா இருந்தா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கடையில் ஒரு போர்டு இப்படி ஆளைப் பார்த்து ஆளைப் பார்த்து மாறிப் பேசியிருந்தால், போர்டுக்காரி அதைத் தூக்கிப் பார்த்த மாத்திரத்தில் கோளாறைப் பிடித்திருப்பாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தப் புத்தியைச் செருப்போடு வெளியே விட்டுவிட்டு வந்தாள். என்ன செய்வது, ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் டிரைவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. மூச்சு கரகரவென்று இழுத்தது. டாக்டரம்மா வந்து நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "இப்பவே சேர்த்துடுங்க. தள்ளிப் போடாதீங்க" என்றார். போர்டுக்காரி துணிமணியை எடுத்து வைக்கவே தொடங்கிவிட்டாள். நாத்தனாருக்குத்தான் மனசு ஒப்பவில்லை. போன தடவை ஆஸ்பத்திரியில் தம்பியைக் கட்டிப் போட்டு மூக்கிலும் தொண்டையிலும் குழாய் செருகியதைப் பார்த்தவள் அவள்.

"அவனை ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா? அவன் உடம்பு அது" என்றாள். கட்டிலில் உட்கார்ந்து, அவன் கையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "வீட்டிலேயே இருக்கியாடா, எங்ககூட?" என்று கேட்டாள்.

டக்.

இன்னொரு தரம் கேட்டாள். இன்னொரு தரம் எரிந்தது. போர்டுக்காரி எடுத்து வைத்த துணியைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். மாத்திரை, ஆவி, முதுகில் தட்டிக் கொடுப்பது என்று வீட்டிலேயே பார்த்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் இழுப்பு கூடியது, உதடு நீலம் பாய்ந்தது, ஆம்புலன்ஸ் வந்தது. "ஏன் இவ்வளவு லேட்டா வந்தீங்க?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு நாத்தனார், "அவன்தான் வர மாட்டேன்னுட்டான்" என்றாள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு அவள் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது.

மறுநாள் முற்பகல், மாற்றுத்துணி எடுத்துப் போகலாம் என்று போர்டுக்காரி மட்டும் வீட்டுக்கு வந்தாள். அவசரத்தில் ஆளைத் தூக்கிக்கொண்டு போன கட்டில் அப்படியே கிடந்தது. கசங்கிய விரிப்பு, தலை அழுந்திய தலையணை, பிளாஸ்திரியோடு பிய்ந்து விழுந்த மவுஸ் சுவிட்ச். விரிப்பை உருவலாம் என்று வந்தவள், வழக்கம்போலக் கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டாள். அவர் கை இருக்கிற இடத்தில் தன் கையை வைத்தாள். வாய் பழகிப்போயிருந்தது.

"ஏங்க, ரொம்பக் கஷ்டப்படறீங்களா?"

டக். விளக்கு எரிந்தது.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கு உடம்பெல்லாம் சந்தோஷம் ஓடியது. இதைச் சொல்லத்தான் வேண்டும். அதற்கப்புறம்தான் கட்டில் காலி என்பது உறைத்தது.

கையை எடுத்தாள். விளக்கு அணைந்தது. கையை வயரோரம் கொண்டுபோனாள். எரிந்தது. எழுந்து கால்மாட்டில், டாக்டரம்மா நின்ற இடத்தில் போய் நின்றாள். எரியவில்லை. மறுபடி வந்து உட்கார்ந்து வயர்மேல் குனிந்தாள். எரிந்தது. சுவிட்ச் யார் விரலும் படாமல் தலைகீழாகக் கிடந்தது.

அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவரையும் அவள் திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்த விஷயம் இது. செய்தி கேட்கிற பின்னை, சுவிட்ச் அழுத்தாத நேரத்தில் எதனோடும் கட்டாமல் அந்தரத்தில் விட்டால், அது சுவருக்குள் ஓடுகிற கரண்ட்டின் முணுமுணுப்பைக்கூட வாங்கிக்கொண்டு, யாரோ சுவிட்சை அழுத்திவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளும். வயர் நீளமாக இருந்தால் இன்னும் மோசம். பக்கத்தில் ஆள் வந்தால், ஆள் உடம்பே அந்த முணுமுணுப்பை அதற்குள் இறக்கிவிடும். அதை அடக்கத்தான் அந்த அரிசிமணி ரெசிஸ்டர். கடையில் சோதித்தபோது இருந்தது. வீட்டில் வைக்கவில்லை. குனிந்து, கையைப் பிடித்து, ஆசையாகக் கேட்டபோதெல்லாம் எரிந்தது. தள்ளி நின்று கேட்டபோதெல்லாம் எரியவில்லை. கூட இருந்து பேசியது அவர் இல்லை. இத்தனை நாளும் அவள் தன் கையோடுதான் பேசிக்கொண்டிருந்தாள்.

வீட்டிலேயே இருக்கியாடா என்று கேட்டதற்கு எரிந்த விளக்கு அவளுக்கு நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாமாடா என்று அதே கையைப் பிடித்துக் கேட்டிருந்தாலும் அது எரிந்திருக்கும். அன்றைக்கே கொண்டுபோயிருப்பார்கள். கேள்வியை எந்தப் பக்கமிருந்து கேட்டார்கள் என்பதில் ஒரு உயிர் தொங்கியிருக்கிறது. "பாவி, பாவி" என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டு, தலையணையை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டு கத்தினாள்.

அப்போது ஃபோன் அடித்தது. நாத்தனார்.

"டாக்டரம்மா பேசினாங்கம்மா. கிட்னியும் நின்னு போச்சாம். இனிமே ஒவ்வொரு மெஷினா மாட்டிக்கிட்டே போகலாமாம். இல்லன்னா மாட்டாம விட்டுடலாமாம். நம்மளைச் சொல்லச் சொல்றாங்க. நாம யாரு சொல்றதுக்கு? அவனையே கேட்டுடலாம். நீ அந்தப் போர்டைக் கழட்டி எடுத்துட்டு வந்துடு. டாக்டர்கிட்ட பர்மிஷன் வாங்கிட்டேன்."

"அண்ணி..."

"சீக்கிரம் வாம்மா. அவன் சொல்லட்டும். அவன் என்ன சொல்றானோ அதுக்கு நான் கட்டுப்படறேன்."

ஃபோனை வைத்துவிட்டு அவள் பெட்டியின் திருகாணிகளைக் கழற்றினாள். சால்டர் அயர்னைச் சூடேற்றினாள். பையைத் தலைகீழாகக் கொட்டினால் ரெசிஸ்டர் முதலிலேயே வந்து விழுந்தது. அந்தப் பின்னை அதனோடு கட்டி, ஒழுங்காகப் பற்றவைத்தாள். இப்போது வயரைத் தடவினாலும் பிடித்தாலும் விளக்கு அசையவில்லை. சுவிட்சை அழுத்தினால் மட்டும் டக் என்றது. மெய்யாகவே அவர் உள்ளே இருந்து மெய்யாகவே அழுத்தினால் எரியும், வேறு எதற்கும் எரியாது. ரெசிஸ்டரை வைக்காமலே கொண்டுபோயிருக்கலாம். நாத்தனார் என்ன கேட்டாலும் ஆமாம் என்று சொல்லி, அவள் மனசை ஆற்றி அனுப்பியிருக்கும். அது போர்டுக்காரிக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அவளுக்கும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. டாக்டரம்மா சொன்னது பொய்யாக இருக்கக்கூடாதா? இத்தனை நாள் எரிந்த விளக்குகளில் ஒன்றாவது, ஒன்றே ஒன்றாவது, அவர் விரலால் எரிந்திருக்கக்கூடாதா?

தீவிர சிகிச்சைப் பிரிவில் அவரைச் சுற்றி மெஷின்கள் ஆளுக்கொரு தாளத்தில் ஓசை எழுப்பிக்கொண்டிருந்தன. "மயக்க மருந்தெல்லாம் காலையிலேயே நிறுத்திட்டோம். கேளுங்க. நான் அந்தப் பக்கம் ஒரு ஆளைப் பார்த்துட்டு வர்றேன்" என்று டாக்டரம்மா நகர்ந்தார். நர்ஸ் பிளக் பாயின்டைக் காட்டினாள். போர்டுக்காரி விளக்கைக் கட்டிலோரம் வைத்து, சுவிட்சை அவர் விரலடியில் ஒட்டினாள். விரல் குளிர்ந்திருந்தது.

நாத்தனார் தம்பியின் கையைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். "டேய், போதும்னு நினைக்கிறியா?"

எரியவில்லை.

"அப்ப இன்னும் பாக்கலாமா? மெஷின் மாட்டச் சொல்லட்டுமா?"

எரியவில்லை. நாத்தனார் இன்னும் கிட்டே குனிந்து, அவன் காதோடு வாய் வைத்து, "நான் யாருடா? அதையாவது சொல்லு. நான் யாரு?" என்று கேட்டாள். போர்டுக்காரி விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். எரி, எரிந்து தொலை என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். நாத்தனார் கையை மாற்றிப் பிடித்தாள், தோளைத் தொட்டாள், நெற்றியைத் தடவினாள். விளக்கு கல்லாக இருந்தது.

"என்னடி பண்ணின இதை?" நாத்தனார் திரும்பினாள். "வீட்டுல நல்லாத்தானே இருந்துச்சு? வர்ற வழியில எங்கயாவது இடிச்சியா?"

ஆமாம், இடித்துவிட்டேன் என்று சொல்லிவிடலாம். வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் சரி செய் என்பாள். சரி செய்தால் அது மறுபடியும் பொய் சொல்லும். அந்தப் பொய்யை வைத்து அவரை இருக்க வைக்கவோ போகவிடவோ வேண்டியிருக்கும்.

"கெட்டுப்போகலை அண்ணி. இப்பத்தான் சரியா இருக்கு" என்றாள். "முன்னாடி இருந்ததுதான் கோளாறு. ஒரு கம்பியைக் கட்டாம விட்டுட்டேன். யாராவது பக்கத்துல வந்து கையைப் பிடிச்சா அதுவா எரிஞ்சிருக்கு. காலைல கட்டில்ல யாருமே இல்ல அண்ணி. நான் உக்காந்தேன், எரிஞ்சுது."

நாத்தனார் அவளையே பார்த்தாள். புரியாதவள் மாதிரி விளக்கைப் பார்த்தாள்.

"சமையல் நல்லால்லைன்னு சொன்னானே?"

"நீங்க வாசப்படியில நின்னு கேட்டீங்க."

"டாக்டரம்மாகிட்ட பேசலையே?"

"அவங்க தள்ளி நின்னாங்க."

மேலே கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் நாத்தனார் துணியைப் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்கிறவள். இதைக் கூட்டிப் பார்க்க அவளுக்கு யார் உதவியும் வேண்டியிருக்கவில்லை. முகம் மெதுவாக மாறியது. "அன்னிக்கு நான் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தானே கேட்டேன்" என்றாள். "வீட்டிலேயே இருக்கியான்னு."

போர்டுக்காரி தலையை ஆட்டவில்லை. "போர்டு நான் பண்ணினது அண்ணி. தப்பு என்னுது" என்றாள்.

"கேட்டது நானு" என்றாள் நாத்தனார். "அவன் ஒண்ணும் சொல்லலை. நானே கேட்டு, நானே சொல்லிக்கிட்டேன்."

  இரண்டு பேரும் கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றார்கள். நடுவில் படுத்திருந்தவரின் கண் பாதி திறந்திருந்தது. அது எதையும் பார்க்கவில்லை என்பது போர்டுக்காரிக்கு இப்போது தெளிவாகத் தெரிந்தது. முன்பே தெரிந்திருக்க வேண்டியதுதான்.

டாக்டரம்மா திரும்பி வந்தார். "கேட்டீங்களா? என்ன சொன்னார்?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, மெய்யாகவே கேட்டார்.

போர்டுக்காரி நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் நிமிரவில்லை.

"அவர் ஒண்ணும் சொல்லலை டாக்டர். சொல்லவும் மாட்டார்" என்றாள் போர்டுக்காரி.  "நாங்கதான் சொல்லணும். இனிமே எதுவும் மாட்ட வேண்டாம். போதும்."

டாக்டரம்மா நாத்தனார் பக்கம் திரும்பி, "நீங்களும் அதேதானாம்மா?" என்று கேட்டார்.

நாத்தனார் தம்பியின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா காத்திருந்தார். விளக்கு எரியவில்லை.